காப்பகத்துக்குப் போகிற பஸ்

தேங்காய்ப்பட்டணத்தில் டெம்போ சக்கரம் ஏறிப் பின்கால் ஒடிந்த குட்டிநாயை மீன்கூடையில் வைத்து, சாக்கால் மூடி, பஸ்ஸில் கொண்டு வந்திருக்கிறேன். மீன் என்று நினைத்துக் கண்டக்டர் கேட்கவில்லை. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே பஸ் திரும்பும் இடத்தில் இறங்குகிறேன். விலங்குக் காப்பகம் இன்னும் மேலே, மலைச்சரிவில். காரில் வருகிறவர்களுக்கென்றே கட்டியிருக்கிறார்கள்.

நிறுத்தத்தில் ஏழெட்டு நாய்கள் படுத்திருக்கின்றன. ஒன்றின் கழுத்தில் புதிய தோல் பட்டை.

சாயாக்கடை அக்கா கூடையை எட்டிப் பார்க்கிறாள். “காப்பகத்துக்கா மக்கா? இடமில்லன்னு வாசல் கேட்டுலயே திருப்பி விடுதாவ.”

“இந்த நாயெல்லாம் யாருடையது?”

“பஸ்ஸுல ஏத்தமாட்டாவன்னு ஆட்டோவுல கொண்டு வருவாவ. அங்க எடுக்கலன்னா இங்க விட்டுட்டு பஸ்ஸேறிப் போயிருவாவ.”

பஸ் திரும்பி வந்து நிற்கிறது. நாய்கள் எல்லாம் எழுந்து வாசலுக்கு ஓடி, உள்ளே இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கின்றன. நானும் கூடையோடு படியில் கால் வைக்கிறேன். கூடைக்குள் குட்டி முனகுகிறது.

கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறார். “நாயை ஏத்த முடியாது. நீங்க மட்டும்னா ஏறுங்க.”

குட்டி என் விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறது.