தோளில் ஏறிய துண்டு

எங்கள் தெருவுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. மேடைக்கு மேடை சுயமரியாதை முழங்கிய ஆட்சிதான். கம்பி மட்டும் மிராசுதார் வீட்டுக் களத்தோடு நின்றுவிட்டது. அதனால் பொங்கலுக்கு நாங்கள் போட்ட நாடகத்துக்கு இரண்டே பெட்ரோமாக்ஸ் விளக்குகள்.

குடியிருக்கும் மனைக்குப் பட்டா கிடைக்கவிடாமல் தடுக்கும் ஒரு மிராசுதாரின் கதை. மிராசுதாராக நடித்தவர் என் அப்பா. நிஜ மிராசுதார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறவர், மேடையில் அதைத் தோளில் போடுவார். அந்தக் கோலத்தில் அவரை ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்றுதான் கல்லூரி நண்பனின் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தேன். ஃபிளாஷ் கிடையாது.

"துண்டப் போட்டதும் மூணு எண்ணுற வரைக்கும் ஆடாம நில்லுப்பா. வெளிச்சம் பத்தாது."

"மிராசுதாரு எதுக்குடா ஆடப்போறாரு? ஆடுறதெல்லாம் நம்ம ஆளுங்கதான்."

பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தார்கள். அப்பா செருப்போடு நடந்து வந்தபோது, "பாருடி, நடையே மாறிப்போச்சு!" என்று ஒரு அக்கா கத்த, கூட்டம் சிரித்தது. அந்த நேரம் பார்த்து நிஜ மிராசுதார் வந்தார். நாடகத்தை நடத்திய எங்கள் தெருக்காரரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேடையிலிருந்த ஒரு விளக்கையும் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தார்.

"விளக்க எடுக்காதீங்க, படம் விழாது!"

"ஐயா இருட்டுல உக்காரணுமாடா? நாலெழுத்து படிச்சிட்டா வாய் நீளுது."

வேறு வழியில்லை. கேமராவைப் பந்தலின் மூங்கில் காலோடு சேர்த்து அழுத்தினேன். அப்பா துண்டைத் தோளில் போட்டு அசையாமல் நின்றார். ஷட்டரைத் திறந்தேன். ஒன்று. இரண்டு என்பதற்குள் அவர் கண், கீழே விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்த அந்த முகத்தில் பட்டது. கை தானாகத் துண்டை இழுத்து இடுப்பில் சுற்றியது. மிச்ச வசனம் முழுவதையும் அப்படியே பேசினார்: இடுப்பில் துண்டு கட்டிய ஒரு மிராசுதார், பட்டா கிடையாது என்று அதட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

தஞ்சாவூர் ஸ்டுடியோவில் பிரிண்ட் வாங்கினேன். மேடைக்குப் பின்னால் திரையாகக் கட்டிய சேலையின் கரைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை மட்டும் ஒரு வெள்ளைத் தீற்றல்.

"கை ஆடிப்போச்சு தம்பி. அடுத்த தடவ ஸ்டாண்டு வச்சு எடுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"என் கை ஆடலைங்க" என்றேன். கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாக.