வாத்தியார் காதில் விழுந்த பெயர்

ஆபீசில் பியூன் "வெங்கடன் சார்!" என்று கூப்பிடும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் ஞாபகம் வந்துவிடுகிறது. என் பெயர் செங்கோடன்.

கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது வடம் அறுந்து வாயில் அடித்ததில் அப்பாவுக்கு முன்பற்கள் நான்கும் போயிருந்தன. சேலம் ஆஸ்பத்திரியில் மிச்ச வேரைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். பிடுங்குவது இனாம். கட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை.

"பையன் பேர் என்ன?" என்றார் வாத்தியார்.

"எங்கோடனுங்க." 'செ' என்பது அப்பா வாயில் காற்றாகத்தான் வந்தது.

"வெங்கடனா?"

"இல்லீங்க, எங்கோடனுங்க!"

"ஓட்டை வாயன்டா!" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் வெங்கடன் என்றே எழுதிக்கொண்டார். நானாவது சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் வாயே திறக்கவில்லை.

இப்போது சேலத்தில் பல் கட்டும் டாக்டர் வந்துவிட்டார், நானும் சம்பாதிக்கிறேன். மூன்று மாதமாக அப்பாவிடம் மன்றாடுகிறேன்.

"களி முழுங்கறதுக்குப் பல்லு எதுக்கு சாமி?"

"பேசறதுக்கு வேணுமுங்களே அப்பா!"

"அதுக்குத்தான உன்னையப் படிக்க வெச்சது? எனக்குஞ் சேத்தி நீயே பேசு."

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனாலும் பியூன் "வெங்கடன் சார்!" என்றால் எழுந்துதான் போகிறேன்.