சாக்கு எடை போக

தூக்குத் தண்டனையைப் பற்றிய எங்கள் பல்கலைக்கழக நாடகத்தில் நான்தான் கைதி. டிவி செய்தி பார்த்து, "இவனையெல்லாம் தூக்குல போடணும்" என்று சொல்லிப் பழகியவன்.

தூக்குக்கு முன் கைதியின் எடைக்கு மணல் மூட்டை கட்டிக் கயிற்றைச் சோதிப்பார்களாம். அந்தக் காட்சியின் ஒத்திகைக்கு, நீடாமங்கலம் நெல் மண்டியிலிருந்து ஓர் அண்ணன் தராசோடு வந்தார். என்னை ஏற்றி எடை பார்த்தார்: ஐம்பத்தெட்டு கிலோ. மூட்டையிலும் அதே எடைக்கு மணல் நிரப்பியவர், நெல் நிறுக்கும் பழக்கத்தில், இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார்.

"சாக்கு எடையைக் கழிக்கணும்ல தம்பி. உங்க எடை குறையக் கூடாது."

கயிற்றில் கட்டித் தள்ளினோம். மூட்டை விழுந்து, ஆடி, நின்றது. "கயிறு தாங்குது!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மேடையில் அழ வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. இப்போதெல்லாம் செய்தியில் தூக்கு என்றால் நான் வாய் திறப்பதில்லை. அன்று கைதட்டிய உள்ளங்கை இரண்டும் மரத்துப்போகின்றன.