கொடிகாமத்து ஜப்பான் கடையும் ஹெலியும்

நான் முதன்முதல் ஜப்பான் நூடில்ஸ் கடைக்குப் போனது கொடிகாமத்திலை!

சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான். எண்பத்தாறாம் ஆண்டு.

சந்தைக்குப் பின்னாலை ஒரு கிடுகுக் கொட்டில். மணியண்ணை எண்டு ஒருத்தர், ஜப்பான் கப்பலிலை குசினி வேலை செய்திட்டு வந்தவர். தானே கோதுமை மா குழைச்சு, இழை இழையா வெட்டி, இறால் சூப்பிலை போட்டுத் தருவார். தேத்தண்ணியும் வடையும் வாங்கிற காசுக்குக் கோப்பை நிறைய! (பேர்ப்பலகை இல்லை. 'ஜப்பான் கடை' எண்டது சனம் வச்ச பேர்.)

ஆனா நான் போனது நூடில்ஸுக்கில்லை. ரவியைப் பாக்க.

ரவிக்கு ரேடியோ திருத்திற கடையிலை வேலை. அவற்றை வீட்டார் கலியாணம் பேசி வந்தவை. எங்கடை வீட்டிலை "அரசாங்க உத்தியோகம் இல்லை" எண்டு மறுத்திட்டினம்.

தட்டெழுத்து வகுப்புக்கெண்டு பொய் சொல்லிப்போட்டு சைக்கிளிலை வந்திட்டன். தெரிஞ்ச ஆக்கள் ஆரும் கண்டால் துலைஞ்சன்!

வாங்கிலை ரவிக்குப் பக்கத்திலை இருக்கிறன், கண் வாசலிலை.

மணியண்ணை ரெண்டு கோப்பையை வச்சு, பக்கத்திலை மூங்கில் குச்சியும் வச்சார்.

"இதாலையோ அண்ணை சாப்பிடுறது?"

"ஓம் பிள்ளை. ஏலாட்டிச் சொல்லும், கரண்டி தாறன்."

ரவி கோப்பையைப் பாத்தபடி கேட்டார். "சவூதியிலை வேலை சரிவந்திருக்கு. போறதோ, நிக்கிறதோ? நீர் சொல்லும்."

நான் வாய் திறக்கமுதல் வானத்திலை ஆமி ஹெலிகொப்டர் சத்தம்.

"ஹெலி! பங்கருக்கை ஓடுங்கோ!" மணியண்ணை கத்தினார்.

சூப் முழுக்க என்ரை பாவாடையிலை. சுட்டது கூடத் தெரியேல்லை, ஓடினன்.

பங்கர் எண்டது கொட்டிலுக்குப் பின்னாலை வெட்டின பதுங்குகுழி. உள்ளுக்கை இருட்டு. ஆரின்ரையோ முழங்காலிலை போய் மோதி, நிமிந்து பாத்தால்...

சித்தப்பா!!!

அப்பாவின்ரை தம்பி. எங்கடை சம்மந்தத்தை முதல் ஆளா மறிச்ச மனுசன். வீட்டிலை முட்டை கூடத் தொடமாட்டார். சேட்டிலை இறால் சூப் வடியுது! (கொட்டிலுக்கை தட்டி மறைப்புக்கு மற்றப் பக்கம் இருந்து சாப்பிட்டிருக்கிறார்.)

என்னைப் பாத்தார். ரவியைப் பாத்தார். மேலை ஹெலியிலை இருந்து சடசடவெண்டு துவக்குச் சூடு. கூரைக்கு அடுக்கின பனங்குத்தி இடுக்காலை மண் கொட்டுது.

"மணியண்ணை எங்கை?" எண்டார் ரவி.

அவர் வரேல்லை. மண்ணெண்ணெய் அடுப்பை அணைக்க நிண்டிட்டார்.

வாசலாலை எட்டிப் பாத்தால் கொட்டில் கூரை எரியுது.

ரவி எழும்பினார். நான் சேட்டைப் பிடிச்சன். "போகாதேங்கோ!"

சித்தப்பா அவற்றை கையைப் பிடிச்சார். "விசரே உனக்கு? ஹெலிக்காரன் திரும்பி வாறான்!"

ரவி எங்கள் ரெண்டு பேரையும் உதறிப்போட்டு ஓடிட்டார்.

ஹெலிச் சத்தம் கிட்டக் கிட்ட வருது. சித்தப்பா என்னை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு "முருகா, முருகா" எண்டுறார். எனக்கு சாமி பேர் கூட வாயிலை வரேல்லை. திரும்பவும் சூடு. வெளியிலை புகையைத் தவிர ஒண்டும் இல்லை.

செத்துப் போனார் எண்டுதான் நினைச்சன்.

பிறகு புகைக்குள்ளாலை வந்தார். தோளிலை மணியண்ணை.

மணியண்ணைக்குக் காலிலை காயம். ரவியின்ரை தலைமயிர் ஒரு பக்கம் கருகிப் போச்சு. நான் சித்தப்பாவுக்கு முன்னாலையே ரவியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதன்.

"சவூதிக்குப் போகவேண்டாம்" எண்டன். கேட்டதுக்கு மறுமொழி!

சித்தப்பா தன்ரை சால்வையைக் கிழிச்சு மணியண்ணையின்ரை காலைக் கட்டினார். கட்டி முடிச்சு, ரவியை நிமிந்து பாத்தார்.

"தம்பி, உம்மடை அப்பாவை நாளைக்கு எங்கடை அண்ணையிட்டை வரச் சொல்லும்."

(மணியண்ணை தப்பிட்டார். எங்கடை கலியாணத்துக்கு ஊன்றுகோலோடை வந்தவர்!)

பின்னேரம் வீட்டிலை சித்தப்பா கதையைத் தொடங்க, அப்பாவுக்கு ஒரே அதிசயம்.

"மாட்டன் எண்டு நிண்டவன் நீதானே? இப்ப என்ன திடீரெண்டு?"

"பொடியனை ஒரு கடையிலை கண்டனான் அண்ணை. தங்கமான பொடியன்."

"என்ன கடை?"

சித்தப்பா என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன்.

சேட்டிலை இறால் மணம் இன்னும் போகேல்லை. மனுசன் அசையாமல் சொன்னார்:

"சைவக் கடை!"