களத்தில் காய்ந்த பவளம்

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தொட்டியைப் பார்த்தபோது வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அம்மா, அடுப்படியில். நான், ஒன்பது வயது, கதவுக்குப் பின்னால். தொட்டிக்குள் எட்டுப் பவளத் துண்டுகள். அவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவற்றுக்கும் உயிர் இருந்தது.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே. தேங்காயை உடைத்துக் காயவைக்கிற கொப்பரைக் களம் வைத்திருந்தோம். வீட்டில் அக்கா மட்டும்தான் கடலைப் பார்த்தவள். கோயமுத்தூரில் பெரிய படிப்பு படித்தாள். அந்த மாசியில் காலேஜில் ஸ்ட்ரைக், எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் கண்ணாடித் தொட்டியையும் கேன் கேனாகக் கடல் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

“ஏனம்மணி, கல்லுக்கெல்லாம் லைட்டுப் போட்டு வளத்தறாங்களா உங்க காலேஜுல?” என்றார் அப்பா.

“கல்லு இல்லீங்கப்பா. உசுரு.”

“அப்ப தவுடு, புண்ணாக்கு ஏதாச்சும் வெக்கோணுமா?”

“வேண்டாமுங்க. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்குது. வெளிச்சம் பட்டா அதுதான் சோறாக்கிப் போடும்.”

“என்னமோ போ. மீன் நாத்தம் அடிக்குது. சாமி ரூம் பக்கம் வெச்சுப்போடாதே” என்றாள் அம்மா.

ஒரே பவளத்தை எட்டாக உடைத்தது. நாலு துண்டுக்கு நேர் மேலே டியூப்லைட். மற்ற நாலுக்கு மேலே கறுப்புக் குடைத்துணி, இரண்டு மடிப்பு. காலேஜில் தொடங்கி மூன்று மாதம் அப்படியே இருந்ததில், வெளிச்சத்துத் துண்டுகள் சந்தன நிறத்திலும் நிழல் துண்டுகள் காப்பிக்கொட்டை நிறத்திலும் ஆகியிருந்தன. நிழலில் இருப்பது, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கத்தான் கறுக்கிறது என்று அக்கா சொன்னாள். இனித் துணியை ஒவ்வொரு மடிப்பாக எடுத்து, அது வெளிச்சத்துக்கு எப்படிப் பழகுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அது முடிந்தால் கடலோரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை.

அப்பா ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தார். “முடிச்சயின்னா கடலுக்குப் போ. இல்லாட்டி மாப்ள பாக்கறேன்.”

நடுவில் மூன்று நாள் அக்கா கோயமுத்தூர் போக வேண்டி வந்தது. துணியைத் தொடக் கூடாது என்று என்னிடம் சொன்னாள். கரண்ட் போனால் குமிழி விடுகிற மோட்டார் நிற்கும், சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். “நான் ஊட்லயேதான இருக்கறேன், போ” என்றார்.

வியாழக்கிழமை அப்பா மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். அம்மா தோப்பில். நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். நாலும் கன்னங்கரேலென்று, தொட்டால் வழுவழுவென்று இருந்தன. அக்கா சொன்னதில் பாசி என்ற ஒன்றுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் களத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாசியும் பூசணமும் ஒன்றுதான். கொப்பரை கறுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது, வெயிலில் போடு. அதைத் தவிர எங்களுக்கு வேறு வைத்தியம் தெரியாது. அக்காவுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

பித்தளைத் தட்டில் உப்புத் தண்ணீர் பட்டால் களிம்பு ஏறும் என்று நாலையும் பிளாஸ்டிக் பேசினில் வைத்தேன், தொட்டித் தண்ணீரையே ஊற்றினேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது. களத்து நடுவில் கொப்பரைக்கு இடையே வைத்தேன். காக்காய் விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தண்ணீர் சுட்டது. துண்டுகளிலிருந்து சளி மாதிரி நூல் நூலாகக் கிளம்பியது. தண்ணீர் பழுப்பானது. அழுக்கு கழன்று வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். அம்மா வருவதற்குள் திரும்ப வைத்துத் துணியை மூடிவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் வெள்ளை. முதல் தரக் கொப்பரை கூட அப்படி வெளுக்காது. அக்கா வந்து என்னை மெச்சுவாள் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் துணியை விலக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் நான் செய்தது உதவி இல்லை என்று தெரிந்தது. கதவுக்குப் பின்னால் போனேன்.

“என்னாச்சு கண்ணு?” என்று அப்பா ஈரக் கையோடு வந்தார்.

“கரண்ட் போயிருச்சுக்கா” என்றேன் நான். “வியாழக்கெழம. ரொம்ப நேரம்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். “நான் சந்தைக்குப் போயிட்டனம்மணி” என்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் யாரிடமும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா ஒரு துண்டை எடுத்தாள். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வாசல் வழியாகக் களத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

“சாப்பிட்டயா நீ?” என்றாள்.

தலையாட்டினேன்.

“உங்க மேல தப்பில்லீங்கப்பா. இங்க கொண்டாந்த எம்மேலதான் தப்பு.”

அவ்வளவுதான். அக்கா கடலுக்குப் போகவில்லை. அடுத்த தையில் கொடுமுடியில் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அக்கா ஊருக்கு வந்திருக்கும்போது கரண்ட் போனால், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சாகும்வரை அப்படித்தான். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் பொய் எடுபட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று. கரண்ட் போயிருந்தால் எட்டுமே போயிருக்க வேண்டும். ஒன்பது வயதில் அது எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷம் பரணை ஒழித்தபோது அக்காவின் நோட்டு கிடைத்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. என் மகள்தான் கடைசிப் பக்கத்தை வாசித்துச் சொன்னாள். நிழலில் வளர்ந்த துண்டுகள். நேர் வெயில், களத்தில். மேல்பக்கம் வெளுத்தது, அடிப்பக்கம் பழுப்பு. வெளிச்சத்துத் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது, நான்கு.