படத்தில் காலியாகத் தெரியும் இருக்கை

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் லாரிக் கொட்டகை போட்டவன் நான். பக்கத்தில் டயர் ஒட்டும் பட்டறை, பின்னால் இரண்டு கல்வீடு, எல்லாம் என் உழைப்பில் எழுந்தவை. இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு லாரி எதற்கென்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுச் சாமானும் பிறகு என் லாரியில்தான் போனது. ஆனால் நான் பந்தயக் காரில் போனேன் என்றால் மட்டும் ஒருவரும் நம்புவதில்லை.

அப்போது நான் மாட்டுவண்டிக்காரன். இத்தாலிக்காரர் ஒருவர் பந்தயக் காரோடு கப்பலில் வந்து இறங்கினார். கூட வந்த மெக்கானிக் காய்ச்சலில் படுத்துவிட்டான். புக்கித் தீமா மேட்டில் ஏறித் திரும்பி இறங்கும் பந்தயம். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்ப் பம்பை அடிக்க ஆள் வேண்டும். அவருக்குப் பெட்ரோல் டின் விற்ற நாகூர்க்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த இத்தாலித் துரையின் நெற்றியில் பெரிய தழும்பு. குளிர்காலத்தில் இரும்புச் சறுக்குவண்டியில் நான்கு பேராக ஏறி, பனி உறைந்த மலையிலிருந்து வழுக்கி இறங்குவார்களாம், அதில் பட்டதாம். நானாதான் எனக்குத் தமிழில் சொன்னார். எனக்குத் தெரிந்த ஐஸ், மரத்தூள் போர்த்திய கட்டி. மலை முழுக்க ஐஸா?

“என்ன நானா, இவருக்கும் காய்ச்சலா?”

“வாய மூடுடா. நாளைக்கு அவரு பக்கத்துல நீதான் உக்காரணும்.”

மேடு ஏறும்வரை ஒழுங்காகப் பம்பை அடித்தேன். உச்சியில் திரும்பிக் கார் இறக்கத்தில் பாய்ந்தது. எங்கள் வண்டிகளில் இறக்கம் வந்தால், பாரம் மாட்டின் கழுத்தை அமுக்காமல் இருக்கத் துணையாள் பின்னால் போய்த் தொங்குவான். காருக்கு மாடு கிடையாது என்று யோசிக்க அப்போது யாரால் முடியும்? இருக்கையைத் தாண்டிப் பின்பக்கம் போய், பெட்ரோல் தொட்டியைக் கட்டிய தோல்வாரைப் பிடித்துத் தொங்கினேன். செம்மண் வளைவில் மற்ற கார்கள் பின்பக்கம் வழுக்கித் தடுமாறின. எங்கள் கார் துளியும் வழுக்கவில்லை. அமுக்கிப் பிடித்தது என் உடம்பு.

முதலில் வந்தோம். கார் நின்றதும் துரை பக்கத்தில் பார்த்தார். ஆள் இல்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. நான் வழியில் விழுந்து செத்தேன் என்று நினைத்து, இறங்கி வந்த வழியே ஓடத் தொடங்கினார்.

“துவான்! சினி லா, சினி!” என்று மலாயில் கத்தினேன், துரை, இங்கே இருக்கிறேன் என்று.

திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார்.

“சறுக்குவண்டியில பிரேக் போடுறவன் உக்கார்ற எடமாம்டா அது. ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தான்னு கேக்குறாரு,” என்றார் நானா.

“மாடு சொல்லிக்குடுத்துச்சுன்னு சொல்லுங்க நானா.”

துரை கப்பலேறிவிட்டார். நானாவும் இப்போது இல்லை. போன மாதம் ஒரு கிளப்புக்குச் சாமான் இறக்கப் போனபோது சுவரில் அந்தப் பந்தயத்தின் படத்தைப் பார்த்தேன். கார் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது முன்னாலிருந்து எடுத்தது. பக்கத்து இருக்கை காலி. கீழே இருந்த இங்கிலீஷை என் கணக்குப்பிள்ளை படித்தார்: தனியாக ஓட்டி வென்றார். பின்னால் நான் இருந்தேன் என்று அவரிடம் சொன்னேன்.

“அப்ப நீங்க தொட்டிக்குள்ள இருந்தீங்களா முதலாளி?” என்று கேட்டு அவரும் சிரித்தார்.

கிளப்புக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். காலி இருக்கைக்குப் பின்னால், வாரின்மேல் கறுப்பாகத் தெரிவது அழுக்கு இல்லை, என் விரல்கள். ‘தனியாக’ என்ற சொல்லை அழித்துவிட்டு, பின்னால் ஒரு தமிழ் வண்டிக்காரன் தொங்கினான் என்று எழுதவேண்டும். நான் உயிரோடு இருக்கும்போதே எழுதவேண்டும்.