புள்ளி வைத்த கோப்பைகள்

எங்கள் நகர சபைக் களஞ்சியத்தில் சில்வர் சோற்றுக் கோப்பைகள், அதாவது சாப்பாட்டுத் தட்டுகள், இருக்கின்றன. சிலவற்றின் அடியில் கறுப்புப் பெயின்ட் சுரண்டிய தழும்பு. அந்தத் தழும்புக்குக் காரணம் நான்.

கலியாணமோ சாவோ கோயில் அன்னதானமோ, ஊர் சாப்பிட்டு எழுந்த மறுநாள், சோறு போட விரிக்கும் பிளாஸ்டிக் லஞ்ச் சீட்டும் பிளாஸ்டிக் கோப்பையும் வாவிக் கரைக் கண்ணா மரப் புதருக்குள் சிக்கிக் கிடக்கும். அவற்றை அள்ளிச் சலித்த சுகாதார மேற்பார்வையாளர் அக்காதான், சபையே சில்வர் கோப்பை வாங்கி ஊருக்கு இரவல் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தார். கோப்பைகளைக் கழுவி, கொதிதண்ணீரில் போட்டெடுத்து அனுப்புவது என் வேலை.

ஊர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது: இது செத்தவீட்டுக்குப் போய்வந்ததா? அந்தக் கோப்பையில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடுவதா, துடக்கல்லவா, சாவுத் தீட்டல்லவா என்று முகம் சுளித்தார்கள். அக்கா லீவில் நின்ற ஒரு மாதத்தில் என் மூளை அளவுக்கு மீறி வேலை செய்தது. செத்தவீட்டுக்குப் போகும் கோப்பைகளைப் பிரித்து, அடியில் கறுப்புப் புள்ளி வைத்தேன். இனிச் சனம் பயமில்லாமல் எடுக்கும் என்று நினைத்தேன். கலியாண வீடொன்றுக்குப் போன கோப்பைக் கட்டுக்குள் புள்ளிக் கோப்பை ஒன்று கலந்துவிட்டது. யாரோ கவிழ்த்துப் பார்த்தார்கள். பந்தியே எழுந்துவிட்டது. அதன்பின் களஞ்சியப் பக்கம் ஒருவரும் வரவில்லை. வாவிக் கரையில் பழையபடி குப்பை. கோப்பைகளை ஏலத்தில் விடலாம் என்று சபையில் பேச்சும் வந்தது.

லீவு முடிந்து அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

"உன்ன நம்பி லீவு போட்டது என்ட பிழை, பிள்ள. துடக்கெண்டு நாமளே எழுதிக் குடுத்த மாதிரியெல்லோ செஞ்சிருக்காய்."

சுரண்டி முடிக்க மூன்று நாளாயிற்று. பிறகு வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, சில வீடுகளைத் திரும்பப் பிடித்தார். எங்கள் தெருக் கல்வீட்டு அம்மா மட்டும் மசியவில்லை. மூத்த மகளின் கலியாணத்துக்கு லஞ்ச் சீட்தான் விரித்தார்.

போன மாதம் அக்கா காலமானார். அவருடைய எட்டாம் நாள் சாப்பாட்டுக்கும் கோப்பை அனுப்பியது நான்தான். திரும்பி வந்த கோப்பைகளைக் கழுவும்போது அழுகையைவிடப் பயமே அதிகமாக இருந்தது. இனி யார் வீடு வீடாகப் போவது? எனக்கு அந்த வாய் கிடையாது. இன்னுமொரு வீடு மறுத்தால் களஞ்சியத்தைப் பூட்டிவிடுவார்கள்.

நேற்றுக் கல்வீட்டு அம்மா ஆள் அனுப்பிக் கோப்பை கேட்டார். இளைய மகளுக்குக் கலியாணம். என்னால் நம்ப முடியவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். வாசல் படலையிலேயே அம்மா மறித்தார்.

"எங்க போயித்து வந்தது இது?"

கோயிலுக்கு என்ற பொய் நாக்கு நுனியில் நின்றது.

"அக்காட எட்டுக்கு," என்றேன்.

அவர் ஒரு கோப்பையைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அண்டைக்கு எட்டுல நானும் இதிலதானே சாப்பிட்டன்," என்றார். "இறக்குங்க."